நாற்பது வரியில் ஓர் அலாரம்

அலாரம் அடிக்கவில்லை. புரோகிராம் எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது, மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். கல்கத்தாவின் சால்ட் லேக்கில் எங்களுடையது சின்னக் கம்பெனி. ஒரு ரத்த வங்கியின் குளிர்பெட்டிக்கு அலாரம் செய்தோம். உள்ளே சூடு ஏறினால் அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர்கள் எஞ்சினியர் கோஷ்பாபு சோதிப்பார். அடிக்காவிட்டால் ஆர்டர் போச்சு. ரஸ்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுத வேண்டும், அதனுடன் கூடவே வருகிற ஸ்டாண்டர்ட் லைப்ரரி தவிர வெளியார் எழுதிய ஒரு வரிகூட ஆகாது என்பது அவர் நிபந்தனை. "நாலு நாள் போதும்" என்று வாயை விட்டது நான்.

கூப்பிட்டேன்

நான் பார்த்த மொழிகளில் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஓடும். இங்கே அஸின்க் ஃபங்ஷனை, அதாவது காத்திருந்து செய்கிற வேலைக்கானதை, கூப்பிட்டேன். ஃபியூச்சர் என்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. யாராவது 'முடிந்ததா?' என்று கேட்டால்தான் நகருமாம். கேட்கிற ஆளுக்கு எக்ஸிக்யூட்டர் என்று பெயர். அது லைப்ரரியில் கிடையாது. எல்லாரும் வெளியிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். நமக்கு அந்த வழி அடைப்பு.

கூப்பிட்டால் மட்டும் ஓடாது என்று, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கை படிக்கிற வழக்கம் எனக்கில்லை. டெஸ்டிங் பார்க்கும் மௌசுமி என் திரையை எட்டிப் பார்த்தாள். வங்காளிப் பெண், என்னை அண்ணன் முறையில் 'தா', 'தாதா' என்பாள். "சங்கரன்தா, மஞ்சள் எழுத்தில் அது காலையிலிருந்து கெஞ்சுகிறது, நீங்கள்தான் கண்டுகொள்ளவில்லை."

விடாமல் கேட்டேன்

எக்ஸிக்யூட்டரை நானே எழுதினேன். ஒரே லூப். 'முடிந்ததா, முடிந்ததா' என்று ஓயாமல் கேட்கும். அலாரம் அடித்தது. கூடவே எந்திரம் கொதித்தது. கரண்ட் போனால் துணைக்கு இருக்கிற பேட்டரியையும் குடித்துவிட்டது. முதலாளி தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். "ரத்தத்தைக் காக்கச் சொன்னால் டீ போடப் பார்க்கிறீரே, மொஷாய்!"

தூங்கச் சொன்னேன்

வேறு வழியில்லாமல் லைப்ரரிக் கையேட்டைப் படித்தேன். பிரமித்துப்போனேன். வேண்டிய உறுப்பெல்லாம் உள்ளேயே கிடந்தது. புரோகிராமை ஓட்டுகிற இழைக்கு த்ரெட் என்று பெயர், அதைப் பார்க் செய்தால், அதாவது நிறுத்தி வைத்தால், தூங்கும். வேக்கர் என்று ஒன்று. அதைத் தட்டினால் எழுப்பிவிடும். கோத்தால் நாற்பது வரி. யோசித்து வைத்த புண்ணியவானைக் கும்பிட்டேன்.

வியாழக்கிழமை, சூட்டை அளக்கும் சென்சாரை வெந்நீரில் வைத்தோம். த்ரெட் தூங்கியது. தூங்கிக்கொண்டே இருந்தது. மௌசுமி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வரிக்கு வரி 'இங்கே வந்தேன்' என்று திரையில் எழுத வைத்துப் பார்த்தாள். ஃபியூச்சர் 'இன்னும் இல்லை' என்று பதில் சொல்லும் இடத்தில், வேக்கரைச் சென்சார் பக்கம் கொடுத்து வைக்க மறந்திருந்தேன். ஒரு வரி சேர்த்தாள். "ஆனதும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, போன் நம்பர் கொடுக்காமல் வந்திருக்கிறீர்கள், தாதா."

வெள்ளிக்கிழமை

கோஷ்பாபு சென்சாரை உள்ளங்கையில் பொத்தினார். அடித்தது. கையை எடுத்தார், மறுபடி பொத்தினார், மறுபடி அடித்தது. நடுவில் ப்ராசஸர் ஒரு துளி வேலை செய்யவில்லை. வேண்டிய கணத்தில் விழித்து, அடித்து, திரும்பத் தூங்கிப்போனது. தலை நரைத்த பிறகு ஒரு புரோகிராமைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். கோஷ்பாபு கண்ணாடியைக் கழற்றினார். "என் வீட்டில் ஒருவர்கூட முதல் கூப்பாட்டில் எழுந்ததில்லை, அலாரங்களை அனுப்புங்கள்."

நாற்பது வரி எழுதித் தூங்க வைத்தது நான், ஒரே வரியில் எழுப்பிவிட்டவள் மௌசுமி.