கண்டக்டரக்கா கொண்டுவந்த மாத்திரை

பீர்மேட்டு மலைப்பாதையில் ஓடும் அரசு பஸ்ஸில் நான் கண்டக்டர். விலங்கியலில் பட்டம் வாங்கியவள் என்பது டிக்கெட் மெஷினுக்குத் தெரியாது. எந்தப் பட்டம் இருந்தாலும் பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். இரண்டிலும் நேர்முகத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: சுகாதாரத் துறையில் அனுபவம் உண்டா? இல்லை என்றேன். இரண்டுமே கை விரித்துவிட்டன. மூன்றாவது கல்லூரிதான் கடைசி வாய்ப்பு. சம்பளமில்லாத நீண்ட விடுப்பு இந்த வருடம் விட்டால் கிடைக்காது என்று டிப்போவில் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து அம்மா வேறு போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்புள்ள, கவர்மெண்டு வேலைய உட்டுப்போட்டு இந்த வயசுல பையத் தூக்கிட்டுப் படிக்கப் போறயாக்கும்? நாலு பேரு சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டுங்கம்மா" என்று வைத்துவிட்டேன். தைரியமாகத்தான் சொன்னேன். அப்புறம் விண்ணப்பத்தை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன்.

மூன்றாவது நேர்முகம் வீடியோ அழைப்பில். அன்று எனக்குப் பதிலாக டியூட்டி பார்க்க ஒப்புக்கொண்டவள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில் வரவில்லை. வேறு வழியில்லாமல் நானே பஸ் ஏறினேன். மேல் எஸ்டேட்டில் பஸ் திரும்பும் இடத்தில் சிக்னல் கிடைக்கும். டீ குடிக்க நிற்கும் நேரத்தில் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் போட்ட கணக்கு மூன்றாவது வளைவு வரைதான் செல்லுபடியானது. அங்கே விறகு லாரி ஒன்று குறுக்கே நின்றது. லாரிக்காரனை நான் அன்று திட்டியதை இங்கே எழுத முடியாது.

மேலே போய்ச் சேர்ந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, யாரும் ஏறாதபடி வாசலை மறித்து நின்றார். கடைசி சீட்டில் உட்கார்ந்து, கலைந்த முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு போனை எடுத்தேன். திரையில் மூன்று பேர். நடுவிலிருந்த அம்மையார் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: சுகாதாரத் துறையில் அனுபவம் உண்டா?

"இல்லை, மேடம்."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே நீண்டது. கையில் காலி மாத்திரை அட்டை. மேல் லயத்தில், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருக்கும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்.

"கண்டக்டரக்கா, எங்க அத்தைக்கு அதே பிரஷர் மாத்திரை. சாயங்கால வண்டிக்குக் கொண்டாந்துருங்க."

எங்கள் பாதையில் இது வழக்கம். காலையில் காலி அட்டை என் பைக்குள் வரும். மாலையில் கீழே மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையோடு திரும்பிப் போகும். டியூட்டி நேரத்தில் வெளி வேலை பார்க்கக் கூடாது என்பதால் இதை யாரிடமும் சொன்னதில்லை. எந்த நேர்முகத்திலும் சொல்லவில்லை. திரையில் இருந்த அம்மையார் அது என்ன என்று கேட்டார். மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது.

அவர் சிரிக்கவில்லை. "அந்த அம்மாவுக்குக் கடைசியாகப் பிரஷர் பார்த்தது எப்போது?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பி அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"அது எதுக்குக்கா? அதான் நீங்க மாத்திரை கொண்டாந்துர்றீகள்ல. அத்தை ஆஸ்பத்திரிப் பக்கம் போயே ரெண்டு வருசமாச்சு."

ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள், நானும் நல்லது செய்வதாக நம்பினேன். திரையில் மூன்று பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவர்களை நான்தான் வரவிடாமல் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது, மேடம்" என்றேன். "ஆனால் நான் கொண்டுவராவிட்டால் மாத்திரையும் நின்றுபோகும். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை."

அதோடு சிக்னல் போய்விட்டது. எத்தனை முறை அழைத்தும் கிடைக்கவில்லை. எல்லாம் போச்சு என்று இறங்கினேன். வந்த ஆத்திரத்தை அந்தப் பெண்ணிடம் காட்டினேன்.

"இன்னைக்கு மட்டுந்தானுங்க மாத்திரை. நாளைக்கு அத்தையக் கூட்டிட்டு வாங்க."

"அத்தைக்கு முட்டி வலிக்கா, பஸ் படி ஏற மாட்டாகளே!"

"நான் தூக்கி ஏத்தறனுங்க."

மறுநாள் தூக்கித்தான் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வரும்வரை அத்தை என்னை வைதுகொண்டே வந்தாள். அங்கே பிரஷரைப் பார்த்த டாக்டர் இன்னும் கடுமையாக வைதார். மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மாதம் தவறாமல் வரச் சொன்னார்.

அடுத்த மாதம் அதே அத்தையை ஏற்றி உட்கார வைத்து டிக்கெட் கொடுக்கும்போது போன் அதிர்ந்தது. கல்லூரியிலிருந்து மெயில். திறக்கவே பயமாக இருந்தது. இடம் கிடைத்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

"ஏம்மா, என்னாச்சு?" என்றாள் அத்தை.

"வேலைக்கு லீவு போட்டுட்டுப் படிக்கப் போறனுங்க, அத்தை."

அவள் முகம் சுருங்கியது. "அப்ப என்னை யாரு தூக்கி ஏத்துவா?"

"அதத்தானுங்க படிக்கப் போறேன்."