ஜெட் வண்டி லோகாம்பாள்

கடப்பாறையால் நெம்பிச் சாக்கடை மூடியை நகர்த்திய மறுகணமே லோகாம்பாள் தன் இரும்புச் சட்டத்தைத் தூக்கிக் குழியின் வாயில் போட்டுவிடுவார். அதன் பிறகுதான் மற்ற வேலை. வாலாஜாபாத்துப் பட்டறை ஒன்றில் சொந்தக் காசு கொடுத்துச் செய்த சட்டம் அது. குறுக்கும் நெடுக்குமாக விரல் தடிமன் கம்பிகள். நடுவில் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு வளையம். எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "பைப்பு போவலாம், எலி போவலாம். ஆளு போவ முடியாது. போயே ஆவணும்னா தண்ணியா கரைஞ்சிதான் போவணும்."

ஐயம்பேட்டைக்காரர். வயது நாற்பத்தொன்பது. அப்பாவின் நிலத்தில் டிராக்டர் ஓட்டிப் பழகி, பிறகு தண்ணீர் லாரி ஓட்டி, இப்போது ஆறு ஆண்டுகளாகக் காஞ்சிபுரத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் ஜெட் வண்டியை ஓட்டுகிறார். பாதாளச் சாக்கடையில் அடைப்பு என்றால் இந்த வண்டிதான் வரும். சேலைக்கு மேல் காக்கி முழுக்கைச் சட்டை. முழங்கால் வரை ஏற்றிச் செருகிய சேலைக்குக் கீழே கறுப்பு ரப்பர் பூட்ஸ். மூக்குத்தி மட்டும் எந்த வேலையிலும் பளிச்சென்று இருக்கும்.

வண்டியின் முதுகில் தண்ணீர்த் தொட்டி; பின்னால் குழாய் சுற்றிய பெரிய உருளை. தறியில் பாவு நூல் சுற்றும் உருளை போலிருக்கும் அதை நெசவுத் தெருக்களில் கண்டால் யாராவது சீண்டாமல் விடமாட்டார்கள்.

"இன்னா லோகா, பாவு எத்தினி முழம் சுத்தி வச்சிருக்குற?"

"ஒரு பொடவைக்கு ஆவும். நெய்ஞ்சி குடு, ஒம்பொண்டாட்டிக்கே கட்டி உடலாம்."

மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை. "கைய எடுப்பா. ஒங்க ஊட்டுதுதான இது? நான் ஐயம்பேட்டைலேந்து கொண்டாந்து ஊத்தல."

குழாயின் முனையில் ஒரு பித்தளைத் தலை. நாசில் என்பார்கள். அதன் பின்புறத் துளைகள் வழியே நீர் சீற, தலை முன்னோக்கி ஊர்ந்து போகும். எஞ்சின் இரைச்சலில் காது உதவாது என்பதால் லோகாம்பாள் இடது கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் குழாயின்மேல் வைத்துக்கொள்வார். அதிர்வை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வார்: "மண்ணு... மண்ணு... தோ, துணி." பலமுறை தவறாகவும் சொல்லியிருக்கிறார். அப்போது, "உள்ள இருக்குறது வேசம் போட்டுக்கினு வருது" என்று பழியைச் சாக்கடைமேல் போட்டுவிடுவார்.

குழாயைப் பிடித்துக் கொடுப்பவர் முனிசாமி. ஐம்பத்தாறு வயது. இந்த வண்டி வருவதற்கு முன் ஊரின் பாதிக் குழிகளில் இறங்கி எழுந்தவர். "மிஷினு வர்றதுக்கு முன்னாடி நான்தாம்பா மிஷினு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு லோகாம்பாளுக்குப் பிடிக்காது.

இந்த வைகாசியில், உற்சவம் நடந்துகொண்டிருந்த ஒரு காலை, பட்டுக்கடை வீதியொன்றில் மூடியின் விளிம்பு வழியே சாக்கடை பொங்கித் தெருவில் ஓடியது. இன்னும் சற்று நேரத்தில் அதே வீதியில் சாமி புறப்பாடு. கடைக்காரர் வரதராஜன், சாமி நின்று படையல் ஏற்கும் தம் குடும்பத்து மண்டகப்படிக்கு மேடை போட்டு, தோரணம் கட்டி, பட்டு விரித்து வைத்திருந்தார். சாக்கடை ஓடும் திசையில் அடுத்து இருந்த கீழ்ப்புறக் குழியின் மூடி அந்த மேடைக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"மொதலாளி, மேடைய நவுத்துங்க. கீழேந்து மேல அடிச்சாத்தான் அடைப்பு உடையும்."

"மேடையில கைய வைக்காதம்மா. எங்க அப்பா காலத்துலேந்து சாமி நிக்கிற எடம். மேலேந்தே அடி."

பொங்கி வழிந்த மேல்குழியிலிருந்தே அடித்தார். நிரம்பிக் கிடந்த குழிக்குள் நாசில் போய், சில அடிகளிலேயே எதிலோ சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை.

வரதராஜன் முனிசாமியைப் பார்த்தார். "ஏம்பா, ஒரு முங்கு போட்டு அத்த எடுத்துடேன். நான் கவனிச்சிக்கிறேன்."

முனிசாமி ஏற்கெனவே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ரெண்டு நிமிசம் லோகா. நான் பார்க்காத குழியா?"

"சட்டையப் போடுண்ணா."

"என் ஒடம்பு, நான் எறங்குறேன். ஒனக்கு இன்னா?"

"ஒனக்கு ஒடம்பு. எனக்கு? ஒம்பொண்ணு சத்யப்ரியா வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? மேடைய நவுத்த மாட்டேன்னாங்க, அதனால ஒங்கப்பன குழியில உட்டேன்னா?"

சொல்லிக்கொண்டே இரண்டு பூட்ஸ் காலையும் இரும்புச் சட்டத்தின்மேல் ஊன்றி நின்றார்.

வரதராஜன் ஒப்பந்தக்காரருக்கு போன் போட்டு, கூடிவிட்ட கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி ஸ்பீக்கரில் பிடித்தார். "முனிசாமிய எறக்கு. இல்லன்னா சாவிய வச்சிட்டு ஊட்டுக்குப் போ" என்றது குரல்.

லோகாம்பாள் இடுப்பிலிருந்து சாவியை உருவி, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். "தோ சாவி. நான் போறேன். வண்டிய யாரு எடுப்பா? முனிசாமிண்ணனுக்கு சைக்கிளே பாலன்ஸ் வராது." கூட்டம் சிரித்தது. ஒப்பந்தக்காரர் போனை வைத்துவிட்டார்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி வரதராஜனிடம் சொன்னார்: "மொதலாளி, எறங்குன ஆளு மேல வரலன்னா இன்னா ஆவும்னு ரோசன பண்ணீங்களா? பொணம் கெடக்குற வீதியில சாமி வராது. கோயிலுக்குத் திரும்பிடும். இன்னிக்கி இங்க நிக்கப்போறது சாமியா, போலீசா? நீங்களே சொல்லுங்க. மேட நவுர்ற வரைக்கும் நான் இந்த சட்டத்த உட்டு எறங்க மாட்டேன், யாரையும் குழியில எறக்கவும் மாட்டேன்."

வரதராஜன் ஓடும் சாக்கடையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு பந்தல்காரர்களைப் பார்த்துக் கத்தினார்: "நிக்கிறீங்களே, தூக்குங்கடா!"

பட்டு விரித்தபடியே மேடை பத்தடி தள்ளிப் போயிற்று. லோகாம்பாள் சிக்கிய குழாயை அப்படியே கழற்றி விட்டுவிட்டு, உதிரிக் குழாயை மாட்டி, கீழ்க்குழியைத் திறந்து உள்ளே விட்டார். இரும்புச் சட்டம் மேல்குழியிலேயே கிடந்தது; கீழ்க்குழியின் வாய் திறந்தே இருந்தது. அதனால் முனிசாமியைத் தன் கண் படும் இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்திக்கொண்டார். எஞ்சின் உறுமியது. முதலில் மஞ்சள் தண்ணீர் வந்தது. பிறகு மணல். பிறகு சாயம் ஏறிய நூல் கழிவோடு சுருண்டு பின்னிய வாழையிலையும் தொன்னையும், பந்து பந்தாக.

"லோகா, நேத்து அன்னதானம் நம்ம மொதலாளியோடதுதான?" என்றார் முனிசாமி. வரதராஜன் தோரணத்தைச் சரிசெய்யப் போய்விட்டார்.

மேல்குழியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியபோது வீதி முனையில் சாமிக் குடை தெரிந்தது. நாகஸ்வரமும் தவிலும் நெருங்கின. ஊர்வலத்துக்கு வழிவிலக்கும் கோயில் வெள்ளித்தடிக்காரர் முன்னால் ஓடி வந்தார். "ஏம்மா, வண்டிய எடு! சாமி வந்துட்டார்!"

குழாய் முழு அழுத்தத்தில் இருந்தது. கடைசி அடைப்பு இன்னும் போகவில்லை. லோகாம்பாளின் இடது உள்ளங்கை குழாயைவிட்டு அசையவில்லை. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சொட்டச் சொட்ட நனைந்த கையுறையோடு வலது கையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்தி, ஊர்வலத்தை நோக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.