பித்தளை வலை, இரண்டு மடிப்பு

என் மருமகன் தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். எங்கள் வீட்டிலிருந்து ஆலை வாசலுக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு அவர் அங்கே இருந்தாக வேண்டும். வெடிமருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். ஃபோர்மேன் வந்து அறையைத் திறந்து, மருந்தை நிறுத்துக் கொடுத்துப் பக்கத்தில் நின்றால்தான் கலக்குகிறவர் கை வைக்கலாம். ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி வேன் ஏழரைக்குத்தான் போய்ச் சேரும். அதற்கு முன்னால் தோதான பஸ் கிடையாது. ஆகவே மோட்டார் சைக்கிள் ஓடினால்தான் அவருக்கு வேலை.

வண்டிக்குப் பதினோரு வயது. அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பொங்கல் கழிந்ததும் மருமகன் அதை ஒரு கடைக்குக் கொண்டுபோய், நீளமான பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு, என் முழங்கை நீளத்தில் குட்டையான, பருத்த சைலன்சர் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். காற்று வடிகட்டும் பெட்டியையும் எடுத்துவிட்டுக் கூம்பு வடிவத்தில் சிவப்பாக ஒரு ஃபில்டர். கடைக்காரர், வண்டி இனிமேல் நன்றாக இழுக்கும் என்று சொன்னாராம். இழுத்ததோ என்னவோ, ஆக்சிலேட்டரை விட்ட போதெல்லாம் சைலன்சர் வெடித்தது. வீட்டிலிருந்து தெருமுனைக்கு நூற்றிருபது அடிதான். அதற்குள் மூன்று வெடி.

மற்ற ஊரில் இது வெறும் தொந்தரவு. பட்டாசு ஆலையில் அப்படி இல்லை. வேலை நேரத்தில் எங்கே ஒரு வெடிச் சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும் என்றுதான் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் மதியம் ஏதோ வேலையாக வெளியே போன மருமகன் ஆலை வாசலுக்குத் திரும்பி வந்து ஆக்சிலேட்டரை விட்டார். டமார் என்றது. நாற்பத்தாறு பேரும் வேலிப் பக்கம் ஓடினார்கள். ஓடியதில் ஒரு பெண்ணுக்குக் கால் பிசகிவிட்டது. முதலாளி கோபப்படவில்லையாம். "சத்தத்த நிப்பாட்டிட்டு வாங்க. இல்லாட்டி வண்டிய வீட்லேயே நிப்பாட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மருமகன் எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் போனார். அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். காற்று அதிகமாகப் போகிறது, பெட்ரோல் பற்றவில்லை, அதனால்தான் வெடிக்கிறது என்று சொல்லி, கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையைப் பெரிய அளவாக மாற்றினார். வெடிப்பு பெருமளவு நின்றது. பழைய சைலன்சரையே மாட்டிவிடலாமே என்று பாய் கேட்டதற்கு மருமகன், "இருக்கட்டும் பாய், பாக்க நல்லாருக்குல்ல" என்றாராம். அவருக்கு முப்பத்தெட்டு வயது.

சத்தம் அடங்கியது. என் பயம் அடங்கவில்லை. காலை ஐந்து மணிக்கு அவர் வண்டியை எடுக்கும்போது நான் எழுந்துவிடுவேன். அந்த இருட்டில் சைலன்சர் வாயிலிருந்து தீப்பொறி தெறிப்பதை என் கண்ணால் பார்த்தேன். முதல்நாள் இரண்டு, மறுநாள் ஒன்று, அதற்கடுத்த நாள் இரண்டு. வண்டியை ஆலை வாசலுக்கு இருநூறு அடி தள்ளித்தான் நிறுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மருந்துத் தூள் படிந்த சட்டையோடு அதே வண்டியில்தானே அவர் திரும்பி வருகிறார்?

இதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளும் மருமகனும் என் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். மாமனார் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொன்னால், அது சொன்ன மாதிரி போய்ச் சேராது. நான் சைலன்சரைச் சொல்வேன். அவர் காதில் வீடு என்று விழும். எட்டு வருடமாக நாங்கள் இருவரும் "சாப்பிட்டீகளா", "சாப்பிட்டேன் மாமா" என்பதற்கு மேல் அதிகம் போகாமல் நல்லபடியாகவே இருந்து வந்தோம்.

லோடு ஏற்ற வரும் லாரிகளுக்குப் புகைக்குழாய் வாயில் தீப்பொறி வெளியே வராமல் தடுக்க ஒரு கூடு மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த யோசனைதான். மருந்து சலிக்கும் சல்லடைக்கு வலை விற்கும் கடையில் பித்தளை வலை வாங்கினேன். பெரிய கண், சின்னக் கண் என்று ஐந்து வகை இருந்தது. இருப்பதிலேயே நெருக்கமானதைக் கேட்டேன். கடைக்காரர் எந்த மருந்துக்கு என்று கேட்டார். வீட்டுக்குத்தான் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளும் மருமகனும் சாத்தூருக்குக் கல்யாண வீட்டுக்குப் பஸ்ஸில் போயிருந்தபோது சைலன்சர் வாயில் இருந்த ஒரே போல்ட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த சின்னக் குழாய் தனியாக வெளியே வந்தது. அதன் உள்முனையில் வலையை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, செம்புக் கம்பியால் ஆறு சுற்றுச் சுற்றி முறுக்கித் திரும்பவும் செருகினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாயை வைத்து ஊதிப் பார்த்திருந்தேன். காற்று நன்றாகவே போயிற்று. மறுநாள் காலை தீப்பொறி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் நிம்மதியாகத் திரும்பப் படுத்துத் தூங்கினேன்.

நான்கு நாள் வண்டி ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, ஆலைக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது இழுவை செத்து நின்றுவிட்டது. சூடு ஆறும்வரை இருந்து, உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால். மறுநாளும் வழியில் நின்றது. முதலாளி இப்போதும் மென்மையாகத்தான் சொன்னார். மருந்து கலக்குகிறவர் இரண்டு நாளாக வெயிலில் கலக்க வேண்டியதாகிவிட்டது. இன்னொரு நாள் அப்படி நடந்தால் ஏழாயிரம்பண்ணையில் ஒரு ஃபோர்மேன் சும்மா இருக்கிறார், அவரை வரச் சொல்லிவிடுவேன் என்றார். மருமகன் இதை மகளிடம் சொன்னார். மகள் என்னிடம் சொன்னாள். திங்கள் முதல் மூன்று மணிக்கே எழுந்து கிளம்பி, வழியில் நின்று நின்று, எப்படியோ ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் வண்டி ஐந்து தடவை பாயிடம் போயிற்று. ஐந்து தடவையும் நான் கூடப் போனேன். பிளக்கைக் கழற்றினார், கரியாக இருந்தது. புதுசு போட்டார். கார்ப்பரேட்டரைக் கழுவினார். பெட்ரோல் துளையை ஓர் அளவு குறைத்தார், வெடித்தது. மறுபடி பழையபடி கூட்டினார். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளையை ஊசியால் குத்தினார். சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். வண்டி சும்மா நின்று ஓடும்போது காற்று வரத்தான் செய்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இங்கன நல்லாத்தானே ஓடுது? எங்கிட்ட வந்தா மட்டும் ஒழுங்கு காட்டுது, பள்ளிக்கூடத்துப் பய மாதிரி" என்றார்.

சந்தேகம் எனக்கு எப்போது வந்தது என்று கேட்டால், வண்டி நின்ற முதல்நாளே வந்திருக்க வேண்டும். வந்தது என்றுகூடச் சொல்லலாம். நான்கு நாள் நன்றாக ஓடிய வண்டி அல்லவா, வலை காரணமென்றால் மாட்டிய மறுநாளே நின்றிருக்குமே என்று எனக்கு நானே வாதாடி அதைத் தள்ளி வைத்தேன்.

ஞாயிறு காலை பாயின் ஒர்க்‌ஷாப்பில் மூவரும் நின்றோம். பாய் கையைத் துடைத்துக்கொண்டு மருமகனிடம் சொன்னார்: "எஞ்சின இறக்கித்தான் பாக்கணும் தம்பி. வால்வு பொசுங்கிருக்கும்னு நெனைக்கேன். நாலு நாளு விடுங்க."

"நாலு நாளா? நாளைக்கே போகணும் பாய். போகலைன்னா அம்புட்டுத்தான்."

"வேற வண்டி எதுவும்?"

"தெரிஞ்சவங்க எல்லாத்துக்கிட்டயும் கேட்டாச்சு. சீசன் நேரத்துல யாரு பாய் வண்டி குடுப்பாக?"

எஞ்சினை இறக்க வேண்டாம் என்று எப்படியாவது தடுக்க நினைத்து, சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்தேன். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் தாள் எண்ணுகிற பிரிவில் வேலை பார்த்தவன் நான். எதையும் எழுதி வைக்காமல் இருக்க வராது. தினமும் வண்டி முதல் தடவை எத்தனையாவது கிலோமீட்டரில் நின்றது என்று மகள் மூலம் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன். பாயிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்.

"பதினாறு. பதினாலு. பதினாலு. பன்னெண்டு. பத்து. ஒம்பது. ஏழு. ஏழு." நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, இத முந்தியே காட்டிருக்கக் கூடாதா? கொறஞ்சுக்கிட்டே வருதே! வால்வு பொசுங்குனா இப்படிப் படிப்படியாவா வரும்? எங்கனயோ கொஞ்சங் கொஞ்சமா அடைக்குது."

மறுபடி கார்ப்பரேட்டரைக் கழற்றினார். சுத்தமாக இருந்தது. பெட்ரோல் குழாயை ஊதினார். அதுவும் சுத்தம். "பெட்ரோல் பக்கம் அடைப்பு இல்லியே. அப்பம் எஞ்சின்தான்" என்று ஸ்பேனரை எடுத்து, எஞ்சினைத் தாங்கும் முதல் போல்ட்டில் வைத்தார். மருமகன் சுவரோரம் உட்கார்ந்து தலையைக் கையால் தாங்கிக்கொண்டார்.

"பாய், அத விடுங்க" என்றேன். "சைலன்சர் வாயில ஒரு போல்ட்டு இருக்கு. அதக் கழட்டுங்க."

"அது புதுசுல்ல அண்ணாச்சி? அதுக்குள்ள என்ன இருக்கப் போகுது?"

"நான் வச்சது இருக்கு."

மருமகன் தலையைத் தூக்கினார். பாய் போல்ட்டைக் கழற்றிக் குழாயை இழுத்தார். வலை வலையாக இல்லை. தோசைக்கல்லின் அடிப்பக்கம் போலக் கெட்டியாகக் கரி பிடித்திருந்தது. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் கண் திறந்திருந்தது. பெட்ரோல் கூடுதலாகப் போய்ப் புகையாக வந்ததெல்லாம் அதில் படிந்திருக்கிறது.

பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யா அல்லா! அண்ணாச்சி, அஞ்சு தடவ கூட வந்து, என் பக்கத்துலேயே நின்னு, டீயெல்லாம் குடிச்சீகளே!"

மருமகன் சிரிக்கவில்லை. "எம்புட்டு நாளா மாமா?"

"போன ஞாயித்துக்கு முந்துன ஞாயிறு. இன்னையோட பதினாலு நாளு."

"எதுக்கு?"

"பொறி தெறிச்சுச்சு மாப்பிளே. காலைல நீங்க கெளம்பையில பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"மாப்பிள்ளைக்கிட்ட எப்படிச் சொல்றது?"

"எனக்கு வேலை போயிருந்தா அப்பம் சொல்லிருப்பீகளா?"

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, பொறி வருதான்னு மொதல்ல பாத்துருவம்" என்று ஒர்க்‌ஷாப் ஷட்டரை இறக்கினார். உள்ளே இருட்டானது. வலை இல்லாமல் வண்டியைக் கிளப்பி முறுக்கிவிட்டார். மூவரும் குனிந்து சைலன்சர் வாயைப் பார்த்தோம். ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னும் இரண்டு, தரையில் விழுந்து அணைந்தன. மருமகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தினமும் கந்தகமும் அலுமினியத் தூளும் நிறுத்துக் கொடுக்கிறவர் அவர். அதற்கு மேல் யாரும் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பழைய சைலன்சர் பரண்லதான் கெடக்கு" என்று நிமிர்ந்தார். "எடுத்துட்டு வாரேன்."

பழைய சைலன்சர், பழைய காற்றுப் பெட்டி, கார்ப்பரேட்டரில் பழைய அளவுத் துளை. மூன்றையும் போட்டால்தான் வண்டி சரியாகும், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி சண்டைதான் என்றார் பாய். பெட்டியையும் கார்ப்பரேட்டரையும் சேர்க்கும் ரப்பர் வெடித்திருந்தது. மூலையில் கிடந்த வேறொரு வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டார். எல்லாம் முடிய மாலை நாலே கால். பகல் முழுவதும் மருமகன் என்னோடு பேசவில்லை. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பாயைப் பார்த்துப் பதில் சொன்னார்.

ஆலை வரைக்கும் ஓட்டிப் பார்க்காமல் நாளைக்கு நம்பிப் போக முடியாது. கிளம்பும்போது மருமகன் பின்சீட்டைத் திரும்பிப் பார்க்காமலே, "ஏறுங்க" என்றார். ஏறினேன். ஏழாவது கிலோமீட்டரில் அவர் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்த்தேன். வண்டி போனது. ஒன்பது, பத்து, பன்னிரண்டு. வெம்பக்கோட்டை தாண்டி இரண்டு பக்கமும் காய்ந்த காடு. பதினாறில் நான் மூச்சை விட்டேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

ஆலைக்கு ஞாயிறு லீவு. வாசலில் காவலாளி மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தார். "எப்பம் வந்தீக? சத்தமே காணோமே!"

"இப்பம்தான்" என்று சொல்லி மருமகன் வண்டியைத் திருப்பினார்.

திங்கட்கிழமை காலை இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் மாடிப்படியில் நின்ற மகளிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனார். ஆலைக்குள் போகுமுன் வாசலில் போனைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்வது அவர் வழக்கம். ஐந்து நாற்பத்தெட்டுக்கு மாடியில் மகளின் போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கீழே வந்தாள்.

"போய்ச் சேந்துட்டாகளாம்ப்பா. வழியில எங்கனயும் நிக்கலியாம்."

"எங்கிட்டச் சொல்லச் சொன்னாகளா?"

"இல்லப்பா. எனக்குத்தான் சொன்னாக" என்று சொல்லிவிட்டு, அவள் பால் காய்ச்சப் போனாள்.