ஆடி கழியட்டும்

எனக்கு எழுத்து வந்ததுதான் வினை. கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். முத்து முத்தா எழுதுவேன். அந்தத் திமிரும் இருந்துது, பொய் சொல்லக் கூடாது.

செஞ்சியில கோட்டைக்குப் போற வழியில பதினோரு வீடு ஒரே கூரையா ஒரு லைன். அதுல ஆறாவது வீடு எங்களுது, வாடகைக்குத்தான். எங்க வீட்டுக்காரரு தையக்காரரு. பக்கத்து வீட்ல வளையல் விக்கிற அக்கா. புருஷன் இல்ல, கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு ஒண்ணு. மத்தவங்க கூலிக்குப் போறவங்க, வண்டி ஓட்டுறவங்க. ஏசு சாமியக் கும்புடுற வேதக்காரங்க அந்த லைன்ல நாங்க மட்டுந்தான்.

லைனுக்குச் சொந்தக்காரரு மல்லாட்டை மண்டி, அதாங்க வேர்க்கடலை மண்டி, வெச்சிருந்தாரு. உலகச் சண்டை முடிஞ்ச மறுவருஷம் மல்லாட்டைக்கு ஏக கிராக்கி, மூட்டை அடுக்க அவருக்கு இடம் போதல. வாடகைய ரெண்டு மடங்காக் குடுங்க, இல்லாட்டி ஆனி முடியறதுக்குள்ள காலி பண்ணுங்கன்னு ஆள் விட்டுச் சொன்னாரு. ரெண்டு மடங்குக்கு நாங்க எங்க போறது? வேற வீடு தேடித் தேடிக் கால் தேஞ்சுது. மூணு பக்கமும் பாறை மலை, நடுவுல இந்த ஊரு, ஊருக்குள்ள ஒரு வீடு காலியில்ல. வாசல்ல வந்து நின்னு அந்தப் பாறைங்களப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

அப்பதான் வளையல்கார அக்கா சந்தையில கேட்டுக்கிட்டு ஓடியாந்துது. "ஏண்டி, வாடகைக்குன்னு சர்க்கார் சட்டம் போட்டிருக்குதாம். அதிகாரி உத்தரவு இல்லாம நம்மள யாரும் வெளிய தள்ள முடியாதாம். நீ மனு எழுது. கைநாட்டு வாங்குறது என் பொறுப்பு."

சொன்னபடி வாங்குச்சு. மண்டியில மூட்டை தூக்குறவரு ஒருத்தரு, "எனக்கு அவருதானே சோறு போடுறாரு, நான் எப்படி வெக்கிறது?"ன்னு பின்வாங்குனாரு. "சோத்த எங்க உக்காந்து திம்பே, நடுரோட்டுலயா?"ன்னு கேட்டுச்சு பாருங்க, மனுசன் பேசாம கட்டை விரல நீட்டிட்டாரு. மனு திண்டிவனத்துக்குப் போச்சு. ஆடி நடுவுல விசாரணைன்னு கடுதாசி வந்துது.

அதுக்குள்ள ஆனி முடிஞ்சுது. மண்டிக்காரரு நேரா வந்து, "இன்னா, நாளைக்குக் காலி பண்றீங்களா?"ன்னாரு. லைனே நடுங்கிப் போச்சு. அன்னிக்கு அவங்க பயந்தது அவருக்கில்ல, ஆடிக்கு. ஆடியில குடி மாறுனா குடும்பம் விளங்காதுன்னு அத்தன பேருக்கும் நம்பிக்கை. விசாரணை, சட்டம், எல்லாம் மறந்து போச்சு. அக்காவே கையெடுத்துக் கும்புட்டு, "ஐயா, ஆடியில எப்படிங்க போறது? நீங்களும் பொண்ணு புள்ள பெத்தவரு"ன்னு அழுதுது.

அவரு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. "ஆடின்னு சொல்லிட்டீங்க, நான் பாவத்தக் கட்டிக்க மாட்டேன். ஆடி கழியட்டும். ஒரு வார்த்த மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

எழுத யாரு இருக்கா? நான்தான். எங்களுக்கு ஆடியும் ஒண்ணு, ஆவணியும் ஒண்ணு. இருந்தும் அவங்க கண்ணீரப் பாத்து எனக்கு மனசு உருகிடுச்சு. 'ஆடி மாதம் முடியும் வரை குடியிருக்க அனுமதிக்க வேண்டியது. ஆவணி முதல் தேதி வீடுகளை ஒப்படைக்கிறோம்.' அவரு சொல்லச் சொல்ல, அழகா, அடிச்சுத் திருத்தாம எழுதுனேன். அடியில பதினோரு வீட்டுக்காரங்களும் ஒப்பு வெச்சோம். எங்க வீட்டுக்காரரு மெல்ல, "இன்னொரு தரம் படிச்சுப் பாரு"ன்னாரு. "நீங்க காஜா எடுக்குற வேலையப் பாருங்க"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன்.

ஜெயிச்சிட்டோம்னே நெனச்சோம். அம்மனுக்குக் கூழ் ஊத்துனப்போ மண்டிக்காரரு ஒரு மூட்டை கேவுரு அனுப்புனாரு. நல்ல மனுசன்யான்னு சொல்லிச் சொல்லிக் குடிச்சோம். நானும் ரெண்டு சொம்பு குடிச்சேன்.

விசாரணைக்கு நானும் அக்காவும் இன்னும் நாலு பேரும் கரி போட்டு ஓட்டுற பஸ்ஸுல திண்டிவனம் போனோம். அதிகாரி எங்க மனுவப் படிச்சாரு, தலைய ஆட்டுனாரு. எனக்கு உயிர் வந்துது. அப்புறம் மண்டிக்காரரு அந்தக் காகிதத்த எடுத்து மேசையில வெச்சாரு. அதிகாரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்குதே. யாரு எழுதுனது?"

"நான்தாங்க."

"காலி பண்றோம்னு நீங்களே ஒத்துக்கிட்டு எழுதியிருக்கீங்களே அம்மா. இதுக்கு மேல நான் இன்னா செய்யறது?"

ஆடிக்காகத்தாங்க எழுதுனோம்னு சொன்னேன். "ஆடிதான் குடுத்துட்டாரே"ன்னாரு. சட்டம் எங்க பக்கம் இருந்துது. நாங்க வாயத் தெறக்காம இருந்திருந்தா போதும். எங்க தலையில நாங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டோம், வாரிக் குடுத்தது என் கை. திரும்பி வர்ற பஸ்ஸுல யாரும் என்னை ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா அழுது தீத்திருப்பேன்.

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. எங்க அம்மி பறக்கல. ஆவணி ஒண்ணாந்தேதி வண்டியில ஏறிப் போச்சு. லைன் செதறிப் போச்சு. நாங்களும் அக்காவும் ஊருக்கு வெளிய, மாடு கட்டியிருந்த ஒரு கொட்டாயத் தடுத்து ரெண்டு குடியாப் போனோம். வாடகை என்னமோ பழைய வாடகையேதான். மூத்திர நாத்தம் போக ஒரு வருஷம் ஆச்சு.

அந்தக் கொட்டாய்க்காரரு முத நாளே ஒரு காகிதம் கொண்டாந்தாரு. எப்ப சொன்னாலும் காலி பண்றதா அதுல எழுதியிருந்துது. வேற போக்கு இல்ல. எங்க வீட்டுக்காரரு தையக் கடையில இருந்தாரு. "நீயாச்சும் கையெழுத்துப் போடும்மா, படிச்ச பொண்ணு மாதிரி இருக்கறியே"ன்னு கொட்டாய்க்காரரு பேனாவ நீட்டுனாரு.

"எனக்கு எழுத்து வராதுங்க"ன்னேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பாத்துது. வளையல் போட்டு விடுற மாதிரி என் கையப் புடிச்சு, கட்டை விரல மையில தோச்சு, காகிதத்துல அதுவே அழுத்துச்சு.