சம்பந்தி முன்னால் சொன்ன பொய்

வலி வந்த முதல் நாள் பலாப்பழத்தின் மேல் பழியைப் போட்டேன். எங்கள் மலையில், அரியூர் நாட்டில், பலா பழுக்கிற காலத்தில் யாருக்கு வயிறு வலித்தாலும் அதுதான் குற்றவாளி. நாலு சுளை கூடப் போயிருக்கும், சுடுதண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று படுத்துக்கொண்டேன். வலி சுருட்டிப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். மறுநாள் காலையில் வயிறு உப்பிப்போய்ப் புடவைக் கொசுவமே நிற்கவில்லை. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தி.

தன் மகளைப் பார்க்க வந்திருந்த சம்பந்திதான் தன் ஜீப்பில் என்னையும் மருமகளையும் ஊர் நர்ஸம்மாவிடம் கூட்டிப் போனார். நல்ல மனுசர், வெளியே நிற்காமல் கூடவே உள்ளே வந்துவிட்டார். நர்ஸம்மா கேட்டார்: "வெளிக்குப் போனீங்களா? காத்து பிரியுதுங்களா?"

சம்பந்தியை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது! "எல்லாம் நல்லாப் போகுதுங்க" என்றேன். நர்ஸம்மா கேஸ் மாத்திரையை எடுத்தார்.

"பொய்ங்க," என்றாள் மருமகள். கல்யாணமாகி எட்டு மாசம்தான். "நேத்துக் காலையிலருந்து வெளிக்கும் போகலீங்க, காத்தும் பிரியலீங்க. அத்தை சொல்லக் கூச்சப்படறாங்க."

அடிப்பாவி! பெத்த அப்பன் முன்னாலேயே என் மானத்தை வாங்கிவிட்டாளே! எழ முடிந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். என் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஒரு வாய்த் தண்ணி கூடக் கொடுக்காதீங்க. நேரா நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குவதற்குள் வாந்தி பச்சையாகிவிட்டது. மருமகள் என் தலையை மடியில் தாங்கிக்கொண்டே வந்தாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னார்: "குடலடைப்புங்க. சிலருக்குக் குடலிறக்கத்தால வரும், சிலருக்குக் கட்டியால. உங்களுக்கு, முன்ன கர்ப்பப்பை எடுத்தீங்களே, அந்தத் தழும்பு உள்ள நாரா ஒட்டிக் குடலை நெரிச்சிருச்சு. மாத்திரை போட்டுட்டு ஊட்லயே படுத்திருந்தா குடல் அழுகியிருக்கும்."

அவர் போனபின் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணு, நீ வாயைத் திறக்கலைன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க போயிட்டா, அப்புறம் நான் யார்கூடங்க அத்தை சண்டை போடறது?"