கொடைக்கு வந்த இருமல்

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டிய அன்றே என் தம்பி குடும்பத்தோடு வந்துவிட்டான். நான் அப்போது சீவலப்பேரிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். தம்பி மகனுக்கு நான்கு வயது. வந்ததிலிருந்து மூக்கொழுக்கும் லேசான இருமலும் இருந்தது. சளி என்றுதான் நானும் நினைத்தேன்.

கொடை முடிந்த மறுநாள் இட்லி தின்றுகொண்டிருந்தவன் இரும ஆரம்பித்தான். மூச்சு வாங்க இடைவெளி இல்லாமல் அடுக்கடுக்காக இருமல். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் 'ஊப்' என்று ஓர் இழுப்பு. உடனே வாந்தி. அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கக்குவான் இருமல்.

"பெண்டா, டிபிடி ஊசி எல்லாம் போட்டாச்சுல்லா?" என்று கேட்டேன்.

தம்பி தன் மனைவியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "எதுவும் போடலக்கா. இயற்கையா வளரட்டும்னு விட்டுட்டோம். நல்லாப் படிச்சுப் பாத்துதான் முடிவு பண்ணுனோம்."

அவன் பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியர். படித்த வீடு என்பதால் ஒரு நாளும் நான் ஊசி அட்டையைக் கேட்டதில்லை. களை பறிக்கப் போகிறவளை வரப்பில் நிறுத்தி அட்டை கேட்டவள் நான். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என்னைத்தான்.

அப்போதுதான் நினைவு வந்தது. எதிர்வீட்டு மாரியின் பச்சைப்பிள்ளையைத் தம்பி மகன் தினமும் மடியில் வாங்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தான். முதல் பெண்டா ஊசிக்கே வயது வராத பிள்ளை அது. அந்த வயதில் இருமக்கூடத் தெம்பு இருக்காது, மூச்சு நின்றுபோகும்.

டாக்டருக்குப் போன் செய்துவிட்டு மாரி வீட்டுக்குக் கிளம்பினேன். தம்பி மறித்தான்.

"யாருட்டயும் சொல்லாதக்கா. ஊருக்குள்ள ஒனக்குத்தான கேவலம்?"

அவன் சொன்னது பொய்யில்லை. வாசலில் என் கால் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. பிறகு தெருவைக் கடந்தேன்.

"மாரி, என் தம்பி மவனுக்குக் கக்குவான்ட்டி. ஊசியே போடாத பய. ஒன் பிள்ளையத் தொட்டுத் தூக்கியிருக்கான். இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போணும், கெளம்பு."

அவள் உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மருந்து கொடுத்தும் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது. ஒரு நாள் மூச்சு நின்று உதடு நீலம் பாய்ந்தது. ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். வார்டில் மாரியோடு நானும் கிடந்தேன். வேண்டாத சாமி இல்லை.

பிள்ளை மறுபடி வாய்வைத்துப் பால் குடித்த அன்றைக்குத்தான் மாரி என்னிடம் வாயைத் திறந்தாள்.

"நர்ஸக்கா, மூத்தவனுக்கு ஊசி தள்ளிப் போச்சுன்னு பஸ் ஸ்டாப்புல அத்தனை பேரு முன்னால என்னைய ஏசுனியளே. ஒனக்கெல்லாம் எதுக்குட்டி பிள்ளைன்னு கேட்டிய. ஒங்க தம்பிய எங்கன வச்சு ஏசுனிய?"

தம்பியிடம் வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு, அக்கம்பக்கம் கேட்காமல், அவன் மனம் நோகாமல் பேசியிருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூத்தவனுக்கு ஊசி தள்ளிப்போனது நடவு நேரத்தில். ஊசிக் காய்ச்சலோடு பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது, போகாவிட்டால் கூலி கிடையாது. அதனால்தான் மாரி தள்ளிப்போட்டாள். பிறகு அவளே கூட்டிவந்து போட்டும் விட்டாள். என் தம்பிக்கு என்ன குறை?

புதிதாகச் செவிலியர் வேலைக்கு வரும் பிள்ளைகளே, அட்டையை முதலில் உங்கள் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். தம்பியிடம் கதவைச் சாத்திப் பேசத் தெரிந்தவளுக்கு, மாரி வீட்டுக் கதவையும் சாத்திவிட்டுப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.