வெறும் காற்றில் ஒரு பாதம்

மூன்று மணி நேரம் இருபது நிமிடம். அந்தச் சிலையோடு நான் ஓர் அறைக்குள் இருந்தது அவ்வளவுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் இயற்பியல் படித்தவள். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சே வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய சிலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. சிலையைச் சுற்றி ஸ்கேனரை நகர்த்தி, அதன் உருவத்தைப் புள்ளி புள்ளியாகக் கணினியில் எடுப்பேன். அந்த அளவை வைத்து, உடைந்த பாகத்தைச் சித்தப்பா கல்லில் செதுக்குவார். சொந்தச் சித்தப்பா. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா லாரி விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது சித்தப்பாவால்தான்.

அன்று வந்தது ஒரு துவாரபாலகர். சந்நிதி வாசலில் காவல் நிற்கும் சிலை. கருங்கல். என்னைவிட ஒரு முழம் உயரம். கோரைப்பல், உருட்டிய விழி, எச்சரித்துத் தூக்கிய ஒரு விரல். கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதங்களும் இல்லை. உடைந்து போகவில்லை. ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். சிலையை வாங்கியவருக்குப் புதுப் பாதங்கள் வேண்டுமாம்.

சித்தப்பா அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சித்தப்பா, கடன்காரனைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

நான் ஒன்று சொன்னால் பதிலுக்கு இரண்டு சொல்பவர். அன்று சிரிக்கக்கூட இல்லை.

"இதுக்குப் பாதம் வேணாம்மா. பீடத்தைக் கட்டி மூடிடலாம். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ தொடாதே."

சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அளவு வேண்டும் என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். நான் தொடங்கிவிட்டேன்.

11:40. ஸ்கேனருக்கு வெளிச்சம் ஆகாது. கறுப்புத் திரைகளை இழுத்து மூடினேன். வெளியே சுட்டெரிக்கும் வெயில். உள்ளே கும்மிருட்டு. சிலை இரும்புச் சட்டத்தில் பட்டைகளால் கட்டித் தொங்கியது. கணுக்காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் வெறும் காற்று.

12:40. முதல் சுற்று முடிந்தது. இடது கணுக்காலுக்குக் கீழே, காற்றில், சில புள்ளிகள். தூசி பறந்தாலும் இப்படி வரும். இரைச்சல் என்போம். வழக்கம்போல் அழித்தேன்.

1:45. இரண்டாம் சுற்று. அதே இடம். இப்போது ஒரு குதிகால். உள்ளங்காலின் வளைவு... ஸ்கேனரின் கண்ணைத் துடைத்தேன். அதையும் அழித்தேன்.

2:50. மூன்றாம் சுற்று.

ஐந்து விரல்கள்.

சிலையின் பாதத்தில் விரல்கள் வரிசையாக இருக்கும். இதில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. குதிகாலில் பித்தவெடிப்பு. இது கல் இல்லை. மனிதக் கால்.

திரும்பிப் பார்த்தேன். சிலைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

குனிந்து என் இடது காலைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து என் சுண்டுவிரலும் அப்படித்தான் ஏறியிருக்கிறது.

அழித்தேன். போகவில்லை. மறுபடி அழுத்தினேன்... போகவில்லை.

கர்ர்ர்...

கல்லில் ரம்பம் இழுபடும் சத்தம். நின்றது.

கர்ர்ர்...

சிலைக்கு அடியிலிருந்து.

ஓட எழுந்தேன். இடது கணுக்காலைச் சில்லென்று ஏதோ பிடித்தது. விழுந்தேன்.

"சித்தப்பா!"

2:56. கதவு திறந்தது. அவர் வாசற்படியைத் தாண்டவில்லை.

"வெளியே வா! எழுந்து வா!"

"என்னால முடியல... பிடிச்சிருக்கு..."

சிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே வந்துவிட்டார்.

கதவு அறைந்து மூடியது.

என் கால் விடுபட்டது.

கணினித் திரையில், சிலையின் வலது கணுக்காலுக்குக் கீழே... புள்ளிகள்.

சித்தப்பா முகம் அடிபட விழுந்தார். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். மறுபுறமும் இழுத்தது. அவசரமே இல்லாமல்.

கர்ர்ர்...

அவர் கத்தியது மனிதக் குரலாக இல்லை. என் கண்ணாடியில் சூடாகத் தெறித்தது. ஒன்றும் தெரியவில்லை.

கர்ர்ர்...

"விட்டுட்டு ஓடும்மா!"

விடவில்லை.

டக்.

எலும்பு.

திடீரென்று அவர் இலேசானார். இருவரும் கதவில் போய் மோதினோம். திறந்துகொண்டது.

மூன்று மணி. வெளியே அதே வெயில்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டது ஒன்றுதான். "அறுத்திருக்கு. சுத்தமா அறுத்திருக்கு. பாதம் எங்கே?"

அறை முழுக்கத் தேடினார்கள். ரத்தம் இருந்தது. பாதம் இல்லை. கணினியை யாரும் அணைக்கவில்லை. திரையில் துவாரபாலகர் இரண்டு பாதங்களோடு நின்றார். வலது பெருவிரலில் நகம் இல்லை. சித்தப்பாவுக்கும் அந்த நகம் இல்லை. சம்மட்டி விழுந்து போனது.

மூன்றாம் நாள் கண் விழித்தார். சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"இடது காலும் தெரிஞ்சுதா?"

நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றி, என் காலைத் தூக்கிக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

சுண்டுவிரலைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அந்தச் சிலையோட காலை நாங்க ரெண்டு பேரும்தான் அறுத்தோம். கோயில்லேர்ந்து திருடும்போது பாதம் பீடத்தோட ஒட்டியிருந்துச்சு, அப்படியே பெயர்க்க முடியல. வலது கால் நான். இடது கால் அண்ணன்."

"அப்பாவா? அப்பா லாரியில..."

"லாரி எல்லாம் இல்லம்மா. கழுத்து வரைக்கும் போர்வை போத்தித்தானே உனக்குக் காட்டினோம்?"

மூச்சு வாங்கினார்.

"அண்ணனோட இடது பாதம் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல."